ஒரே திரையில் இரண்டு எண்கள்: ஒரு லாகின் செய்தியை ஆவணப்படுத்தியபோது

இரவுப் பணியில் இருந்தவர் ஒரு சர்வரில் லாகின் செய்தார். டேட்டாபேஸ் நின்றுபோயிருந்தது. திரையில் "அவசரத்துக்கு அழைக்கவும்" என்று ஓர் எண் இருந்தது. அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. அந்த எண்ணுக்கு நாலைந்து வரி கீழே இன்னோர் எண் இருந்தது, அதுதான் சரியானது. மேலே இருந்ததைத்தான் அவர் கண் முதலில் பார்த்தது. நாற்பது நிமிடம் அப்படியே போனது.

மறுநாள் காலை, அணியில் புதிதாகச் சேர்ந்திருந்த பெண் என்னிடம் வந்து, "அக்கா, அந்தப் பழைய நம்பரை எந்த ஃபைல்ல எடுக்கணும்?" என்று கேட்டாள். சட்டென்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். சொல்ல முடியவில்லை. அந்தத் திரையை வருடக்கணக்காகத் தினமும் பார்க்கிறேன். எந்த வரி எங்கிருந்து வருகிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. எங்கள் ஆவணத்தில் இது பற்றி ஒரே வாக்கியம்தான் இருந்தது: "லாகின் செய்தி ஈடிசி கோப்புறையில் எம்ஓடிடி ஃபைலில் உள்ளது." ஈடிசி என்பது அமைப்பு ஃபைல்கள் இருக்கும் கோப்புறை, எம்ஓடிடி என்றால் 'மெசேஜ் ஆஃப் த டே', அன்றைய செய்தி. அது பொய்யில்லை. ஆனால் திரையில் தெரியும் எழுத்துகளில் ஒரு பகுதிக்கு மட்டுமே அது பொருந்தும்.

"சரி, எண்ணை அப்புறம் எடுக்கலாம். முதலில் இதை முழுசாக எழுதி வைப்போம்" என்றேன். அப்படித் தொடங்கிய வேலையின் பதிவு இது. இரண்டு நாள் பிடித்தது. நடுவில், லாகின் செய்திக்குச் சம்பந்தமே இல்லை என்று நாங்கள் நினைத்திருந்த ஒரு பெரிய கோளாறும் இதிலிருந்தே வெளிப்பட்டது.

திரையில் இருந்தது என்ன

சர்வரில் ஓடுவது உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளம். எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது வேறொரு கணினியிலிருந்து நெட்வொர்க்கில், உள்ளே போனால் வருவதை அப்படியே பிரதி எடுத்து வைத்தேன். பாஸ்வேர்ட் கேட்கும் முன்பே ஒரு வரி வருகிறது: உபுண்டுவின் பெயர், பதிப்பு எண், பக்கத்தில் ஒரு பின்சாய்வுக்கோடும் 'என்' என்ற எழுத்தும், இன்னொரு பின்சாய்வுக்கோடும் 'எல்' என்ற எழுத்தும். எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஏதோ அச்சுப்பிழை என்று விட்டுவிட்டோம். பாஸ்வேர்ட் கொடுத்ததும் உபுண்டுவின் வரவேற்பு, உதவிப் பக்கங்களின் முகவரி, டிஸ்க்கும் மெமரியும் எவ்வளவு நிரம்பியிருக்கின்றன என்ற விவரம், நிறுவ வேண்டிய அப்டேட்களின் எண்ணிக்கை. அதன் கீழே எங்கள் அணியின் அறிவிப்பும் பழைய எண்ணும். அப்புறம் கடைசியாக எப்போது, எந்த முகவரியிலிருந்து லாகின் ஆனது என்ற வரி. கடைசியில் ஆங்கிலத்தில் "வெல்கம்" என்று தொடங்கும் எங்கள் வரவேற்பு வரி, அதில் புதிய எண்.

படிப்பவர் கண்ணுக்கு இது ஒரே செய்தி. உள்ளே பார்த்தால் குறைந்தது நான்கு வெவ்வேறு புரோகிராம்கள், வெவ்வேறு நேரத்தில், வெவ்வேறு காரணத்துக்காக எழுதியவை அடுத்தடுத்து வந்து நிற்கின்றன. அதனால்தான் "லாகின் செய்தி எங்கே இருக்கிறது" என்ற கேள்விக்கு ஒரே ஃபைலின் பெயரைப் பதிலாகச் சொல்ல முடியவில்லை. இந்த வரியை யார் எழுதுகிறார், எந்த நேரத்தில் எழுதுகிறார், எந்த வழியில் வருபவருக்கு எழுதுகிறார் என்று மூன்றாகப் பிரித்துக் கேட்க வேண்டியிருந்தது. ஆவணத்தையும் அந்த மூன்று கேள்விகளை வைத்தே அமைத்தேன்.

எண் போட்டுப் பார்த்தது

இணையத்தில் படித்து எழுதினால் வேறு யாருடைய சர்வரையோ ஆவணப்படுத்தியதாகிவிடும். அதனால் அந்த சர்வரின் ஒரு நகலைத் தனியாக ஒரு விர்ச்சுவல் மெஷினில் எழுப்பினேன். செய்தி எங்கெல்லாம் இருக்க வாய்ப்பு உண்டோ அந்த ஃபைல் ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைப் போட்டேன். ஈடிசியில் உள்ள இஷ்யூ ஃபைலுக்கு 1. இஷ்யூ டாட் நெட்டுக்கு 2. எம்ஓடிடி ஃபைலுக்கு 3. அப்டேட்-எம்ஓடிடி டாட் டி கோப்புறையில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்து அதற்கு 4. தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் பேஷ் என்ற ஷெல் தொடங்கும்போது படிக்கும், எல்லோருக்கும் பொதுவான பேஷ் டாட் பேஷ்ஆர்சி ஃபைலில், எங்கள் "வெல்கம்" வரி இருந்த அதே இடத்தில், 5. புரோஃபைல் டாட் டி கோப்புறையில் ஒரு ஸ்கிரிப்ட்டுக்கு 6.

பிறகு ஒவ்வொரு வழியாக உள்ளே போனேன்.

கன்சோலில், அதாவது சர்வரோடு நேரடியாக இணைந்த திரையில், உட்கார்ந்து லாகின் செய்தால் முதலில் 1 வந்தது. பாஸ்வேர்டுக்குப் பிறகு 4, 3, 5, 6. எஸ்எஸ்ஹெச் வழியாக வந்தாலும் இதே வரிசைதான், 1 உட்பட. எஸ்எஸ்ஹெச் கட்டளையோடு வேறொரு கட்டளையையும் சேர்த்துக் கொடுத்து, ஷெல்லில் உட்காராமல் திரும்பினால் 1-ம் 5-ம் மட்டும். ஏற்கெனவே உள்ளே இருந்துகொண்டு 'எஸ்யூ' கட்டளையால் வேறொரு பயனராக முழு லாகின் செய்தால் 5-ம் 6-ம் மட்டும். ஃபைல்களை அனுப்பவும் இழுக்கவும் பயன்படும் எஸ்எஃப்டிபி-யில் போனால் 1 வந்தது, அதோடு இணைப்பே முறிந்தது.

இரண்டு விஷயம் இடித்தது. 2 எங்குமே வரவில்லை. எஸ்எஃப்டிபி ஏன் முறிய வேண்டும் என்பதும் புரியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

பாஸ்வேர்டுக்கு முன்னால் வருவது

இஷ்யூ ஃபைல் கன்சோலுக்கானது. அதைப் படித்துத் திரையில் காட்டுவது ஏஜெட்டி என்ற புரோகிராம். காட்டும்போது அதில் உள்ள குறியீடுகளை மாற்றிக் காட்டும். பின்சாய்வுக்கோட்டோடு 'என்' வந்தால் அந்த இடத்தில் சர்வரின் பெயரைப் போடும், 'எல்' வந்தால் எந்த டெர்மினல் என்பதைப் போடும். 'டி' தேதிக்கு, 'ஆர்' கெர்னலின் பதிப்புக்கு. இந்த மாற்றும் வேலை ஏஜெட்டிக்கு மட்டுமே தெரியும்.

எஸ்எஸ்ஹெச் சர்வர் தானாக இந்த ஃபைல் எதையும் காட்டாது. அதன் அமைப்பு ஃபைலில் 'பேனர்' என்ற வரியைப் போட்டு ஒரு ஃபைலைச் சுட்டினால்தான் காட்டும். காட்டும்போது உள்ளதை உள்ளபடி அனுப்பும், குறியீடுகளைத் தொடாது. பழைய டெல்நெட் சர்வருக்காக இருந்த இஷ்யூ டாட் நெட் ஃபைலைத்தான் வழக்கமாக பேனருக்குச் சுட்டுவார்கள். எங்கள் முதன்மை அமைப்பு ஃபைலிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் வந்தது 1, அதாவது இஷ்யூ ஃபைல்.

எஸ்எஸ்ஹெச் சர்வரின் எஸ்எஸ்ஹெச்டி கட்டளைக்குப் பெரிய 'டி' ('டெஸ்ட்' என்பதன் முதல் எழுத்து) கொடியைக் கொடுத்து ரூட்டாக, அதாவது முழு அதிகாரம் உள்ள கணக்கில், ஓட்டினால், எல்லா ஃபைலையும் படித்து முடித்த பிறகு உண்மையில் எந்த அமைப்பு நடைமுறையில் இருக்கிறது என்று காட்டும். அது பேனர் இஷ்யூ என்றது. காரணம், உபுண்டுவில் முதன்மை ஃபைலின் உச்சியிலேயே 'இன்க்ளூட்' வரி ஒன்று இருக்கிறது. எஸ்எஸ்ஹெச்டி கன்ஃபிக் டாட் டி கோப்புறையில் உள்ள துணை ஃபைல்களை அது முதலில் இழுத்துக்கொள்ளும். ஒரே அமைப்பு இரண்டு முறை வந்தால், எஸ்எஸ்ஹெச்டி முதலில் பார்த்ததைத்தான் எடுத்துக்கொள்ளும். "கடைசியாக எழுதியதுதான் நிற்கும்" என்று பல புரோகிராம்களில் பழகிய கை இங்கே தவறிவிடும். சர்வரை முதன்முதலில் அமைத்தபோது ஓடிய ஒரு பாதுகாப்பு ஸ்கிரிப்ட் துணை ஃபைல் ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தது. அதில் பேனர் வரி இஷ்யூவைச் சுட்டியது. நாங்கள் அச்சுப்பிழை என்று நினைத்திருந்த பின்சாய்வுக்கோடுகளின் பிறப்பு இதுதான்.

அந்தப் பின்சாய்வுக்கோடுகளைவிட மோசமானது, யார் என்று தெரியாத எவருக்கும் பதிப்பு எண்ணைக் காட்டிக்கொண்டிருந்தது. சிஐஎஸ் அமைப்பின் லினக்ஸ் பாதுகாப்பு வரையறைகள் இஷ்யூ, இஷ்யூ டாட் நெட், எம்ஓடிடி மூன்றையும் தனித்தனியே சோதிக்கச் சொல்கின்றன. இயங்குதளத்தின் பெயரும் பதிப்பும் கணினி வகையும் அவற்றில் வெளிப்படக் கூடாது என்பது அதில் ஒரு பகுதி. அந்த இடத்தில் வர வேண்டியது, இது அனுமதி பெற்றவர்களுக்கான கணினி, இங்கே நடப்பது கண்காணிக்கப்படும் என்பது போன்ற அறிவிப்பு. அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டின் 800-53 கட்டுப்பாடுகளில் ஏசி-8 என்று இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. எஸ்எஸ்ஹெச்சின் அங்கீகார நெறிமுறையை வகுக்கும் 2006 ஜனவரியின் ஆர்எஃப்சி 4252 என்ற இணையத் தர ஆவணமும், சில நாடுகளில் சட்டப் பாதுகாப்புக்கு இப்படி முன்கூட்டி எச்சரிப்பது தேவைப்படலாம் என்று சொல்லித்தான் பேனருக்கு இடம் தருகிறது. ஆக, இந்த முதல் வரி அலங்காரம் இல்லை. அந்த இடத்தில் எங்களிடம் எச்சரிக்கை இல்லை, பதிப்பு எண் இருந்தது.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். நெட்வொர்க் கருவிகளையும் சேர்த்து ஆவணப்படுத்துகிறவர்கள் 'எம்ஓடிடி' என்ற சொல்லை நம்பி ஏமாறக் கூடாது. சிஸ்கோ ரவுட்டர்களில் எம்ஓடிடி பேனர் லாகினுக்கு முன்பே வருகிறது. யூனிக்ஸ் வழியில் வந்த கணினிகளில் அது லாகின் முடிந்த பிறகு. அதனால்தான் எங்கள் ஆவணத்தில் பெயருக்குப் பக்கத்தில் நேரத்தையும் கட்டாயம் எழுதுகிறோம்.

பாஸ்வேர்டுக்குப் பின்னால் வருவது

அங்கீகாரம் முடிந்ததும், லாகினின்போது நடக்க வேண்டியவற்றைக் கவனிக்கும் பேம் என்ற அமைப்பு வேலைக்கு வருகிறது. ஈடிசிக்குள் பேம் டாட் டி கோப்புறையில் எஸ்எஸ்ஹெச்டி-க்கு ஒரு ஃபைல், கன்சோல் லாகினுக்கு ஒரு ஃபைல். இரண்டிலும் பேம் எம்ஓடிடி என்ற மாட்யூலை அழைக்கும் வரிகள் இரண்டு உண்டு. முதல் வரி அப்டேட்-எம்ஓடிடி கோப்புறையில் உள்ள ஸ்கிரிப்ட்களை ஓட்டி, வரும் எழுத்தை 'ரன்' கோப்புறையில் எம்ஓடிடி டாட் டைனமிக் என்ற ஃபைலில் சேர்த்துக் காட்டுகிறது. இரண்டாம் வரி, எதையும் ஓட்டாமல், ஈடிசியில் உள்ள சாதாரண எம்ஓடிடி ஃபைலைக் காட்டுகிறது. அதனால்தான் 4 முதலில், 3 பிறகு. 'எஸ்யூ'-வுக்கான பேம் ஃபைலில் இந்த வரிகள் இல்லை, அதனால் அந்த வழியில் இரண்டுமே வரவில்லை. எஸ்எஸ்ஹெச் சர்வருக்குத் தானே எம்ஓடிடியைக் காட்டும் திறனும் உண்டு, 'பிரின்ட் எம்ஓடிடி' என்ற அமைப்பு. உபுண்டுவில் அதை அணைத்து வைத்திருக்கிறார்கள். யாராவது தெரியாமல் அதையும் இயக்கிவிட்டால் ஒரே அறிவிப்பு இரண்டு முறை வரும்.

ஸ்கிரிப்ட்களின் பெயர்கள் எண்ணில் தொடங்குகின்றன. 00 வரவேற்பு, 10 உதவி, 50 கணினி விவரம், 90 அப்டேட்கள், 98 ரீபூட் தேவையா என்பது. அந்த எண் வரிசையில்தான் ஓடுகின்றன. எல்லாம் ரூட் அதிகாரத்தில், ஒவ்வொருவரும் லாகின் செய்யும்போதும் ஓடுகின்றன. இதை நான் ஆவணத்தில் தடித்த எழுத்தில் போட்டேன். இந்தக் கோப்புறையில் எழுத முடிந்தவர், அடுத்த ஆள் லாகின் செய்தவுடன் ரூட் ஆகிவிடலாம். 2010-ல் உபுண்டுவின் பேம் எம்ஓடிடி மாட்யூலிலேயே ஓர் ஓட்டை வெளிப்பட்டது. பயனர் தன் வீட்டுக் கோப்புறையில் ஒரு இணைப்பை வைத்தால் போதும், கணினியின் முக்கிய ஃபைலைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடிந்தது. செய்தி காட்டும் வேலைதானே என்று அசட்டையாக இருக்க முடியாத இடம் இது.

வேகமும் இங்கேதான் கெடும். நெட்வொர்க் வழியாக இணைத்த டிஸ்க் ஒன்று பதில் சொல்லாமல் தொங்கும்போது, செய்தி ஸ்கிரிப்ட்டில் டிஸ்க் அளவு பார்க்கும் 'டிஎஃப்' கட்டளை இருந்தால், அதுவும் தொங்கும், லாகினும் தொங்கும். கோளாறைச் சரிசெய்ய உள்ளே போக வேண்டிய நேரத்தில் உள்ளே போக முடியாது.

இப்போது அந்தக் கோப்புறையில் நான் கண்ட ஒரு ஃபைலுக்கு வருகிறேன். பெயர் 99-கான்டாக்ட், கடைசியில் புள்ளி வைத்து 'எஸ்ஹெச்'. திறந்து பார்த்தால் புதிய தொலைபேசி எண், ஒரு வரி, பிழையே இல்லை. ஓட்டும் அனுமதியும் கொடுத்திருந்தது. ஆனால் அந்த வரி திரையில் ஒருநாளும் வந்ததில்லை. இந்த ஸ்கிரிப்ட்களை ஓட்டுவது ரன்-பார்ட்ஸ் என்ற புரோகிராம். பெயரின் வாலில் இப்படிப் புள்ளி வந்தால் அது அந்த ஃபைலை எடுக்காது, பிழைச் செய்தியும் தராது. ரன்-பார்ட்ஸுக்கு 'டெஸ்ட்' கொடியையும் பேம் கொடுக்கும் அதே 'எல்எஸ்பிசிஸ்இனிட்' கொடியையும் கொடுத்து ஓட்டினால், எதையெல்லாம் எடுக்கும் என்று பட்டியலிடும். அந்தப் பட்டியலில் 99-கான்டாக்ட் இல்லை.

ஃபைலின் நேரத்தைப் பார்த்தேன். மாலை 4.31-க்கு உருவாகியிருந்தது. பேஷ் டாட் பேஷ்ஆர்சி கடைசியாக மாறியது அதே நாள் மாலை 4.52. இருபத்தொரு நிமிடம். அந்த இருபத்தொரு நிமிடத்தில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குப் புரிந்தது. பக்கத்தில் இருந்த அவளுக்கும் புரிந்தது. "ஸ்கிரிப்ட் வெச்சுப் பார்த்திருக்காங்க, வரல. உடனே வர்ற இடத்துல போட்டுட்டாங்க, இல்லக்கா?" என்றாள்.

அதைச் செய்தவர் இப்போது வேறு அணியில் இருக்கிறார். கேட்டேன், மறைக்காமல் சொன்னார். புதிய எண்ணைப் போடச் சொன்னார்கள், உபுண்டுவில் அப்டேட்-எம்ஓடிடி கோப்புறையில்தான் போட வேண்டும் என்று படித்தார், போட்டார், வரவில்லை. எதற்காக வரவில்லை என்று தேட நேரமில்லை. பழைய எண் ஒரு வாரம் இருக்கட்டும், பிறகு எடுக்கலாம் என்று விட்டார், அதற்குள் அணி மாறிவிட்டார். அவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. எங்கள் ஆவணத்தில் இருந்த அந்த ஒற்றை வாக்கியம் அவருக்கு எதையும் சொல்லியிருக்காது.

1466264675

அந்த மாலை 4.52-க்குப் பிறகு என்ன ஆனது என்பதுதான் இந்த ஆய்வின் மையம்.

எங்களிடம் ஏற்கெனவே வேறொரு புகார் திறந்து கிடந்தது. இரவில் இந்த சர்வரிலிருந்து எஸ்எஃப்டிபி வழியாக ஃபைல்களை இழுத்துக் காப்பு எடுக்கும் வேலை தோற்றுக்கொண்டிருந்தது. "வந்த செய்தி மிக நீளம்" என்று ஒரு பிழை, பக்கத்தில் 1466264675 என்ற எண். நெட்வொர்க்கில் ஏதோ கெடுகிறது என்று நினைத்து அந்தப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். காப்பு எடுக்கும் கணினியில் எஸ்எஸ்ஹெச் பதிப்பைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டார்கள். 19 நாட்களாக அந்த சர்வருக்குக் காப்பு இல்லை.

என் நகல் சர்வரில் எஸ்எஃப்டிபி முறிந்தபோதும் இதே பிழைதான், எண் மட்டும் வேறு. அதைப் பார்த்ததும் எண்ணையே பிரித்துப் பார்த்தேன். எஸ்எஃப்டிபி-யில் ஒவ்வொரு பொட்டலத்தின் முதல் நான்கு பைட்டும் அதன் நீளத்தைச் சொல்ல வேண்டும். 1466264675 என்பதை நான்கு பைட்டாக உடைத்தால் 87, 101, 108, 99. எழுத்துகளுக்கு எண் தரும் ஆஸ்கி அட்டவணையில் 87 பெரிய 'டபிள்யூ', 101 'இ', 108 'எல்', 99 'சி'. வெல்கம் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் நான்கு எழுத்து! யாரோ வரவேற்றதை எஸ்எஃப்டிபி நீளம் என்று வாசித்து, ஏறக்குறைய 146 கோடி பைட் வரப்போகிறது என்று பயந்து இணைப்பைத் துண்டித்திருக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் எஸ்எஃப்டிபி கிளையன்ட் ஏற்பது 256 கிலோபைட் வரைதான்.

முதலில் நான் சந்தேகப்பட்டது உபுண்டுவின் சொந்த வரவேற்பை. 00 ஸ்கிரிப்ட்டின் செய்தியும் அதே சொல்லில்தான் தொடங்குகிறது. ஆனால் எண் போட்டுப் பார்த்த சோதனை அதை மறுத்தது. ஷெல்லில் உட்காராத இணைப்புக்கு 3, 4 வரவே இல்லை. பேம் தரும் செய்தியை எஸ்எஸ்ஹெச் சர்வர் டெர்மினலோடு லாகின் செய்பவருக்குத்தான் காட்டும். பேனரும் குற்றவாளி இல்லை. அது அங்கீகாரக் கட்டத்தில் தனி வகைச் செய்தியாக வருகிறது, கிளையன்ட் அதைப் பிழைகளுக்கான தனி வழியில் திரையில் எழுதுகிறது, தரவோடு கலப்பதில்லை. மிச்சம் இருந்தது 5.

எஸ்எஃப்டிபி கேட்டு வருபவருக்காக எஸ்எஸ்ஹெச் சர்வர் பயனரின் ஷெல் வழியாகத்தான் எஸ்எஃப்டிபி-சர்வர் புரோகிராமை எழுப்புகிறது. டெபியன், உபுண்டு பேஷ், தன்னை எழுப்பியது எஸ்எஸ்ஹெச் என்று கண்டால், யாரும் உட்கார்ந்து தட்டச்சு செய்யாத இணைப்பாக இருந்தாலும் பேஷ்ஆர்சி ஃபைல்களைப் படிக்கும். அதனால்தான் அந்தப் பொது ஃபைலின் தொடக்கத்தில் ஒரு காவல் வரி இருக்கிறது: ஷெல்லில் ஆள் இல்லை என்றால் இங்கேயே திரும்பிவிடு என்று. எங்கள் "வெல்கம்" வரி அந்தக் காவல் வரிக்கு மேலே இருந்தது. ஃபைலைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்ட இடம் அது, போட்டுவிட்டார்கள். இரண்டு வரி கீழே போட்டிருந்தால் காப்பு தப்பியிருக்கும்.

உறுதிப்படுத்த ஒரு சின்னச் சோதனை போதும். எஸ்எஸ்ஹெச் வழியாக எதுவுமே செய்யாத 'ட்ரூ' கட்டளையை ஓட்டி, வருவதை ஒரு ஃபைலில் பிடிக்க வேண்டும். அந்த ஃபைலின் அளவு பூஜ்ஜியமாக இருக்க வேண்டும். எங்களுக்கு 62 பைட் இருந்தது. அந்த வரியை நீக்கிவிட்டு மறுபடி ஓட்டினோம், பூஜ்ஜியம். அன்றிரவு காப்பு வேலை முடிந்தது.

என்ன மாற்றினோம், என்ன எழுதினோம்

மாற்றங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேஷ் டாட் பேஷ்ஆர்சியை அதன் மூல வடிவத்துக்குத் திருப்பினோம். ஓடாத 99 ஸ்கிரிப்ட்டை நீக்கினோம். எங்கள் அறிவிப்பு, ஒரே ஒரு எண்ணோடு, எம்ஓடிடி ஃபைலில் மட்டும். உபுண்டுவில் அந்த ஃபைல் எந்தப் பேக்கேஜுக்கும் (மென்பொருள் பொதிக்கும்) சொந்தமில்லை, அப்டேட்டின்போது யாரும் அதைத் தொட மாட்டார்கள். இஷ்யூ ஃபைல் கன்சோலுக்கானது, அதனால் அதைக் கைவைக்காமல் விட்டோம். துணை ஃபைலில் பேனர் வரியை இஷ்யூ டாட் நெட்டுக்கு மாற்றி, அதில் எச்சரிக்கை வாசகத்தைப் பதிப்பு எண் இல்லாமல் எழுதினோம். எஸ்எஸ்ஹெச்டி-யைச் சிறிய 'டி' (அதே 'டெஸ்ட்' எழுத்து) கொடியோடு ஓட்டி எழுத்துப்பிழை சரிபார்த்து, திறந்திருந்த ஓர் இணைப்பை மூடாமல் வைத்துக்கொண்டு, அப்புறம்தான் ரீலோடு செய்தோம்.

ஆவணத்தின் முதல் பக்கத்தில் திரையின் பிரதி, ஒவ்வொரு பகுதிக்கும் எண். கீழே அந்த எண்ணுக்கு எதிரே: எந்த ஃபைல், எந்தப் புரோகிராம் காட்டுகிறது, அதைக் காட்டச் சொல்லும் அமைப்பு வரி எங்கே இருக்கிறது, ஃபைல் எங்களுடையதா பேக்கேஜுடையதா, எந்தெந்த வழியில் வருபவருக்குத் தெரியும், மாற்றினால் எப்படிச் சோதிப்பது. கடைசி இரண்டையும் எழுதுவதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. மற்ற நான்கையும் ஒரு நல்ல தேடலில் யாரும் கண்டுபிடித்துவிடலாம். இந்த இரண்டும் ஓட்டிப் பார்த்தவருக்குத்தான் தெரியும். எது வேண்டாம் என்பதையும் காரணத்தோடு எழுதினேன். "பேஷ்ஆர்சியில் செய்தி எழுத வேண்டாம்" என்று மட்டும் எழுதியிருந்தால், அவசரத்தில் இருக்கும் அடுத்த ஆள் அதைத் தாண்டிப் போயிருப்பார். அந்த 1466264675-ஐயும் 19 நாட்களையும் பக்கத்திலேயே எழுதி வைத்தேன்.

எம்ஓடிடியை நேரடியாகத் திருத்தக் கூடாது, எல்லாம் பதிப்புக் கட்டுப்பாட்டில் (ஒவ்வொரு மாற்றமும் பதிவாகும் இடத்தில்) உள்ள மூலத்திலிருந்துதான் வர வேண்டும் என்றும் ஒரு விதி சேர்த்தோம். ஒரு வரி அறிவிப்புக்கு இவ்வளவு கெடுபிடியா என்று அணியில் ஒருவர் கேட்டார். 1960-களில் எம்ஐடியில் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்திய சிடிஎஸ்எஸ் கணினியில் நடந்ததைச் சொன்னேன். ஒரு நிர்வாகி பாஸ்வேர்ட் ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார், அதே நேரத்தில் இன்னொருவர் அன்றைய செய்தி ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தார். எடிட்டரின் வடிவமைப்புக் குறையால் இருவரின் தற்காலிக ஃபைல்களும் இடம் மாறின. லாகின் செய்த ஒவ்வொருவரின் டெர்மினலிலும் அன்றைய செய்திக்குப் பதிலாக எல்லோருடைய பாஸ்வேர்டும் அச்சானது. அதன் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

ஆவணம் சரியாக வந்திருக்கிறதா என்று எழுதிய நானே சொல்ல முடியாது. அதனால் அந்தப் பெண்ணிடம் கொடுத்து, என்னைக் கேட்காமல், அறிவிப்பில் பராமரிப்பு நாளை மாற்றச் சொன்னேன். அரை மணி நேரத்தில் வந்தாள். "மாத்திட்டேன் அக்கா. ஆனா மானிட்டரிங் அக்கவுன்ட்ல போய்ப் பார்த்தா எம்ஓடிடியே வரல, கடைசி லாகின் வரியும் வரல. உங்க டாக்குமென்ட்படி வரணும்."

இருவரும் போய்ப் பார்த்தோம். அந்தக் கணக்கின் வீட்டுக் கோப்புறையில் ஹஷ்லாகின் என்ற பெயரில், முன்னால் புள்ளி வைத்த ஒரு வெற்று ஃபைல் இருந்தது. அது இருந்தால் அந்தப் பயனருக்கு எம்ஓடிடியும் கடைசி லாகின் வரியும் காட்டப்படாது. பேனர் மட்டும் வழக்கம்போல வரும். யாரோ எப்போதோ வைத்தது. நான் எல்லா வழிகளையும் என் கணக்கில் மட்டுமே சோதித்திருந்தேன். சர்வரில் உள்ள மற்றக் கணக்குகளிலும் தேடினோம், இன்னும் இரண்டில் இருந்தது, அதில் ஒன்று இரவுப் பணிக்காரர்கள் பொதுவில் பயன்படுத்துவது. அவசர எண் அவர்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். அந்தக் கணக்கிலிருந்து அந்த ஃபைலை எடுத்துவிட்டு, மூன்று கணக்குகளின் நிலையையும் தேதி போட்டு ஆவணத்தின் இரண்டாம் பக்கத்தில் அவளே எழுதினாள்.